கல்லும் தூரிகையும்

செஞ்சிக்கும் விழுப்புரத்திற்கும் இடைப்பட்ட மண்டகப்பட்டில், ஒரு சிறு பாறையைக் குடைந்து அமைத்த கோயில் உள்ளது. முகப்பின் இருபுறமும் வாயிற்காவலர் நிற்கின்றனர். உள்ளே மூன்று கருவறைகளும் வெறுமையாக உள்ளன. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியன இன்றி நான்முகன், சிவன், திருமால் ஆகிய மூவர்க்கும் இக்கோயிலை எடுப்பித்தவன் விசித்திரசித்தன் என்கிறது அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு. அழியும் பொருள்களால் கோயில் கட்டிய காலத்தில் இஃது எத்துணைத் துணிவான முயற்சி!

ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயரே விசித்திரசித்தன் என்பது. 'மத்தவிலாசப் பிரகசனம்' என்னும் நகைச்சுவை நாடகத்தை இயற்றியவனும் அவனே. 'சித்திரகாரப்புலி' என்ற பெயரும் அவனுக்கு உண்டு. புலியும் சிங்கமும் போர்க்களத்து வீரர்க்கே உரிய உவமைகளாயிருக்க, ஓர் அரசன் ஓவியத்தில் தன்னைப் புலி என்று கூறிக்கொண்டது எண்ணத்தக்கது.

கலைஞரின் வாழ்வையே கதைப்பொருளாக்குவதில் சப்பானிய அசைவூட்டப் படங்கள் பெயர் பெற்றவை. கெய்ச்சி ஹாரா இயக்கி 2015இல் வெளிவந்த 'மிஸ் ஹொக்குசாய்' அவற்றுள் ஒன்று. ஹினாக்கோ சுகியூராவின் சித்திரக்கதையைத் தழுவியது அது. 'பேரலை' ஓவியத்தால் உலகப்புகழ் பெற்ற ஹொக்குசாயை விடுத்து, அவர் மகள் ஓயியை அது நடுவில் நிறுத்துகிறது. தந்தையின் பெயரில் வெளிவரும் ஓவியங்களுக்கு மகளும் கை கொடுக்கிறாள். பார்வையற்ற தங்கையைப் பாலத்திற்கு அழைத்துச் சென்று, நகரின் ஓசைகளை அவள் கேட்டு மகிழச் செய்கிறாள் ஓயி. வண்ணங்களில் வாழ்பவள், வண்ணம் காணாத ஒருத்திக்கு உலகத்தை உணர்த்தும் அக்காட்சியே படத்தின் உயிர் எனலாம். ஓயியின் பெயர் தாங்கி இன்று எஞ்சியிருக்கும் ஓவியங்களோ மிகச் சில.

அப்படத்தைக் கண்டபின் மண்டகப்பட்டுக் கல்வெட்டைப் படிப்போர்க்கு ஒரு வினா எழும். எடுப்பித்தவன் பெயர் அங்கே உள்ளது. உளி பிடித்தவர் யார்? கடினமான பாறையில் ஒரு தூண் பிழையாக உடைந்தாலும் ஒட்டவைக்க இயலாது. செதுக்குவதற்கு முன்பே முழுக்கோயிலையும் மனத்தில் கண்டிருக்க வேண்டும். அரசனின் கற்பனையும் தச்சரின் கைத்திறனும் எங்கே சந்தித்தன என்பதைக் கல்வெட்டு கூறவில்லை.

அதே மாவட்டத்துப் பனமலையில், இராசசிம்மன் எடுப்பித்த கோயிலில், ஒரு கால் மடித்து நிற்கும் பார்வதியின் ஓவியம் இன்றும் பாதி அழிந்த நிலையில் காணப்படுகிறது. அதை வரைந்தவரின் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை.