வீடு தேடி வர வேண்டிய பிசியோதெரபி

பக்கவாதம் வந்தவரின் உயிரைக் காப்பாற்றி மருத்துவமனை சில நாட்களில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. கை கால்களை மீட்கும் வேலை அதற்குப் பிறகுதான் நடக்கிறது. இழந்த இயக்கம் பெரும்பாலும் முதல் 3 முதல் 6 மாதங்களில்தான் வேகமாகத் திரும்பும். அந்தக் காலத்தில் வாரத்துக்குப் பலமுறை பயிற்சி தேவை. மாத்திரையை ஒரு மாதத்துக்குச் சேர்த்து வாங்கி வைக்கலாம், பிசியோதெரபியை அப்படி வாங்கி வைக்க முடியாது. சவ்வாது மலை, கல்வராயன் மலை போன்ற இடங்களில் நடக்க முடியாத ஒருவரைப் பேருந்தில் ஏற்றி இறக்கவே இன்னொருவர் கூடப் போக வேண்டும். வண்டிச் செலவோடு அவருடைய அன்றைய கூலியும் போகிறது. சிகிச்சை இலவசமாகவே கிடைத்தாலும் பல குடும்பங்கள் பாதியில் நிறுத்துவது இதனால்தான்.

பயிற்சி நின்றுபோனால், அசைக்காத மூட்டு இறுகி, மடங்கியபடியே நின்றுவிடும். படுத்த படுக்கையாக இருப்பவரை ஏறத்தாழ 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் வரும். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்து எழுப்பினால் தோள்மூட்டு நழுவலாம். அன்போடு உதவுகிறவர்களே இதை அதிகம் செய்கிறார்கள். எண்ணெய் தேய்த்து உருவிவிடுவதிலும் எச்சரிக்கை வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கக்கூடும். அதை உருவினால் உறைகட்டி நுரையீரலுக்குப் போய் உயிரைப் பறிக்கலாம். எலும்பு முறிவுக்குப் போட்ட கட்டு இறுகி விரல்கள் நீலம் பாரித்தாலோ மரத்தாலோ, மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

இந்த உதவியைக் கேட்கச் சட்டத்தின் துணை உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 25ஆம் பிரிவு, குறிப்பாகக் கிராமப்புறங்களில், வசிப்பிடத்துக்கு அருகிலேயே இலவச மருத்துவ வசதியை அரசின் கடமையாக்குகிறது. குடும்ப வருமான வரம்பு உண்டு. 27ஆம் பிரிவு மறுவாழ்வுச் சேவைகளைச் சொல்கிறது. ஆனால் அதில் வரும் ‘பொருளாதார வசதிக்கு உட்பட்டு’ என்ற நிபந்தனை, அரசு நழுவிக்கொள்ள இடம் வைத்திருக்கிறது.

தமிழ்நாட்டில் நடைமுறையில் அதிகம் பயன்படுவது ‘மக்களைத் தேடி மருத்துவம்’. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய இத்திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகிறது. மாத்திரை வருவது ஊருக்குத் தெரியும்; பிசியோதெரபிஸ்ட் வருவார் என்பது பலருக்குத் தெரியாது. பெரிய வட்டாரம் முழுவதையும் சுற்றும் அவரால் தினமும் ஒரே வீட்டுக்கு வர இயலாது. எனவே அவர் வரும் நாளில் வீட்டில் ஒருவராவது உடனிருந்து பயிற்சிகளைக் கற்று, மற்ற நாட்களில் செய்விக்க வேண்டும்.

பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வர, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடமோ நோயாளியின் பெயரைப் பதியச் சொல்லலாம். மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போதே பயிற்சிக் குறிப்போடு கூடிய டிஸ்சார்ஜ் சீட்டைக் கேட்டு வாங்குவது நல்லது. சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. யாரும் வராவிட்டால் 104 என்ற சுகாதார உதவி எண்ணிலும், முதல்வரின் முகவரித் துறையின் 1100 எண்ணிலும் புகார் பதிவு செய்யலாம். மாற்றுத்திறனாளியாக இருந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் மனு கொடுக்கலாம். அதற்கும் மேல், உரிமை மறுப்பை விசாரிக்கும் அதிகாரம் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு இருக்கிறது. மனுவின் நகலில் தேதியோடு ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்வது அடுத்த கட்டத்துக்கு உதவும்.