தெர்மாகோல் மாடலா, தெருப் பிரச்சினைக்குத் தீர்வா? பள்ளியில் 'ஸ்டெம்' கல்வி என்ன செய்யும்?

அறிவியல் கண்காட்சின்னு சொன்னதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? முதல் நாள் ராத்திரி கடைக்கு ஓடி தெர்மாகோல் வாங்கி, அப்பா வெட்ட, அம்மா ஒட்ட, பிள்ளை பெயின்ட் அடிக்கும் 'மழைநீர் சேகரிப்பு' மாடல்தான். மறுநாள் சாயங்காலம் அது குப்பைத் தொட்டிக்குப் போய்விடும். சுற்றுச்சூழலைக் காப்பாற்றச் செய்த மாடலே மக்காத குப்பை!

இதற்கு மாற்றாகப் பேசப்படுவதுதான் 'ஸ்டெம்' கல்வி. அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் என்ற நான்கின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்த பெயர் இது. நான்கையும் தனித்தனிப் பாடமாகப் படிக்காமல், ஒரே பிரச்சினையைத் தீர்க்கச் சேர்த்துப் பயன்படுத்துவதுதான் இதன் அடிப்படை.

திருவண்ணாமலை காட்டிய வழி

திருவண்ணாமலையைச் சேர்ந்த பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர், தன் தெருவில் இஸ்திரி போடுபவர்கள் கரியை எரிப்பதையும், எரிந்த கரியைக் கொட்டுவதையும் கவனித்தார். கரிக்காக மரம் வெட்டப்படுகிறது, புகையை நாள் முழுக்கத் தொழிலாளிதான் சுவாசிக்கிறார் என்பது அவருக்கு உறுத்தியது. அதற்குப் பதிலாக அவர் வடிவமைத்ததுதான், கூரையில் சோலார் பேனல் பொருத்திய இஸ்திரி வண்டி.

இதற்காக 2020-ல் ஸ்வீடனின் குழந்தைகள் பருவநிலை விருது கிடைத்தது. 2021-ல் எர்த்ஷாட் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பிடித்தார். அதே ஆண்டு நவம்பரில் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன்னிலையில் பேசினார்.

விருதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கு. அவர் 'புவி வெப்பமயமாதலைத் தடுப்பது எப்படி' என்று ஆரம்பிக்கவில்லை. தெருவில் நின்ற ஒரு வண்டியில் இருந்து ஆரம்பித்தார்.

பாடம் எங்கே வருது?

வெயில் இருக்கு, பேனல் இருக்கு, வேலை முடிஞ்சுதா? இல்லை. இங்கேதான் கணக்கு வருது. புரிவதற்காக ஒரு பொது உதாரணம் பார்ப்போம். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடினால் 1 யூனிட் மின்சாரம் செலவாகும். 250 வாட் பேனல் 5 மணி நேரம் முழுத் திறனில் வேலை செய்தாலும் கிடைப்பது 1.25 யூனிட்தான். அதாவது ஒன்றேகால் மணி நேர வேலை!

அப்போ பேனலைப் பெரிசாக்கலாமா? விலை ஏறும், எடை கூடும், வண்டியைத் தள்ள முடியாது. பெட்டி சூடானதும் தானாக மின்சாரம் நின்றுவிடுமே, அப்படியானால் உண்மையான செலவு எவ்வளவு? அதை அளந்துதான் பார்க்கணும். மழை நாளில் என்ன செய்வது? முன்கூட்டியே சார்ஜ் செய்த பேட்டரி வேணும். எல்லாம் சரி, இஸ்திரி போடுபவருக்கு இது கட்டுப்படியாகுமா?

பத்தாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தில் இருக்கும் அதே மின்திறன் கணக்குதான் இது. ஆனால் இங்கே விடை தப்பானால் மார்க் மட்டும் போகாது, ஒருத்தரின் பிழைப்பே நின்றுவிடும்.

நம்ம பள்ளியில் எப்படிச் செய்யலாம்?

லேப், ரோபோ எதுவும் தேவையில்லை. ஒழுகும் குழாய் ஒன்று போதும்.

1. அளக்கணும்: குழாய்க்கு அடியில் ஒரு லிட்டர் பாட்டில் வையுங்கள். அது ஒரு மணி நேரத்தில் நிறைந்தால், ஒரு நாளைக்கு 24 லிட்டர், ஒரு வருஷத்துக்கு 8,760 லிட்டர் வீண். இதுபோல 10 குழாய் இருந்தால் 87,600 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் ஏழு லாரித் தண்ணீருக்கும் மேல்!

2. காரணம் தேடணும்: வாஷர் தேய்ந்திருக்கிறதா, மாணவர்கள் சரியாக மூடுவதில்லையா, சின்னப் பிள்ளைகளுக்குக் குழாய் எட்டவில்லையா? காரணம் மாறினால் தீர்வும் மாறும்.

3. தீர்வுகளை ஒப்பிடணும்: வாஷர் மாற்றுவதா, அழுத்தினால் மட்டும் தண்ணீர் வரும் குழாய் போடுவதா? செலவு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு?

4. செய்து பார்த்து, ஒரு மாதம் கழித்து மறுபடியும் அளக்கணும். பலர் விட்டுவிடும் படி இதுதான். அளக்காவிட்டால் தீர்வு வேலை செய்ததா என்பதே தெரியாது.

இதே முறையை மதிய உணவில் மிஞ்சும் சோறுக்கும், பகலில் வீணாக எரியும் விளக்குக்கும் பயன்படுத்தலாம்.

வாய்ப்புகள் என்ன?

நிதி ஆயோக் 2016-ல் தொடங்கிய திட்டத்தில் வந்தவைதான் அடல் டிங்கரிங் லேப்கள். 6 முதல் 12-ம் வகுப்பு மாணவர்கள் சென்சார், 3டி பிரிண்டர் போன்றவற்றைக் கையாளலாம். அடுத்த 5 ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் மேலும் 50,000 லேப்கள் அமைக்கப்படும் என 2025 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 6 முதல் 8-ம் வகுப்பு வரையிலான அரசுப் பள்ளி மாணவர்களுக்கு, எளிய சோதனைகளைச் செய்து பார்க்க 'வானவில் மன்றம்' 2022-ல் தொடங்கப்பட்டது.

சிக்கல் எங்கே?

ஒன்பதாம் வகுப்பு வந்ததும் 'பொதுத் தேர்வு வருது, இதெல்லாம் எதுக்கு' என்ற பேச்சு ஆரம்பமாகிவிடுகிறது. பிரச்சினையைப் புரிந்துகொண்டு கணக்குப் போடும் வயது வரும்போதுதான், கையில் இருக்கும் ஸ்க்ரூ டிரைவரைப் பிடுங்கி கைடைக் கொடுக்கிறோம்.

இன்னொன்று, தோல்விக்கு மார்க் கிடையாது. முதல் முயற்சியில் வேலை செய்யாத கருவியை எடுத்து வந்த மாணவன், ஏன் வேலை செய்யவில்லை என்று விளக்கினால் அதுவும் அறிவியல்தான். கடையில் வாங்கிய பளபள மாடலுக்கு முதல் பரிசு கொடுத்தால், அடுத்த வருஷம் எல்லோருமே கடைக்குத்தான் போவார்கள்.

எனவே அடுத்த முறை உங்கள் பிள்ளை கண்காட்சிக்கு மாடல் வேண்டும் என்று கேட்டால், தெர்மாகோல் வாங்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "நம்ம தெருவுல எது சரியில்லைன்னு உனக்குத் தோணுது?" பதில் வந்ததும் கையில் ஒரு நோட்டும் அளவு டேப்பும் கொடுங்கள். மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.