பற்குழி அடைப்பும் நீல ஒளியும்

இறப்பர் பாலைத் தட்டில் வார்த்து அளவாக அமிலம் சேர்த்தால், அது உறைந்து தகடாகின்றது. கேகாலைத் தோட்டங்களில் வாழ்வோர் நன்கறிந்த காட்சி இது. பல் வைத்தியர் குழியில் இடும் வெண்ணிறக் கலவையும் முதலிற் குழைவாகவே இருக்கின்றது. அதனைக் கல்லென இறுகச் செய்வது அமிலமன்று, நீல ஒளியாகும்.

இக்கலவை பிசினும் நுண்ணிய கண்ணாடித் துகளும் சேர்ந்தது. இதற்கு அடிப்படையான பிசினை உருவாக்கிய அமெரிக்க அறிஞர் ரஃபேல் போவன் 1962-ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்றார். பாதரசப் பயன்பாட்டைக் குறைக்கும் நோக்குடன் 2013-இல் மினமாட்டா உடன்படிக்கை ஏற்கப்பட்ட பின்னர், பாதரசங் கலந்த வெள்ளி அடைப்பின் இடத்தில் இது மேலும் இன்றியமையாததாயிற்று. கலவையிலுள்ள கம்பர்குயினோன் என்னும் பொருள், ஏறத்தாழ 470 நனோமீற்றர் அலைநீளமுள்ள ஒளியை உட்கொண்டு, சிறு மூலக்கூறுகள் நெடுஞ்சங்கிலிகளாகப் பிணைவதற்குத் தூண்டுகின்றது. அமிலம் இறப்பர் பாலில் முன்னரே உள்ள சங்கிலிகளை ஒன்றுதிரட்டுகின்றது. ஒளியோ சங்கிலிகளையே புதிதாகப் பின்னுவிக்கின்றது.

இங்கே தொலைவு எவ்வாறு குறுக்கிடுகின்றது? இரத்தினபுரியின் மாணிக்கக் குழியொன்றை எண்ணிப் பார்க்கலாம். வாயிலில் விளக்கு எரிந்தாலும் அடித்தளம் மங்கலாகவே இருக்கும். கடைவாய்ப் பற்களின் இடுக்கிலுள்ள குழியும் அத்தகையதே. விளக்கின் முனையைப் பல்லின் மேற்பரப்பை ஒட்டிப் பிடித்தாலும், குழியின் அடி 6 முதல் 8 மில்லிமீற்றர் வரை தள்ளியிருக்கக் கூடும். முனையை விட்டகன்ற ஒளி விரிந்து வலுக்குன்றுகின்றது. போதாக்குறைக்குக் கலவையும் அதனை உறிஞ்சிச் சிதறடிக்கின்றது. ஆதலின் மேற்பகுதி இறுகியும் அடிப்பகுதி மெதுவாகவும் இருந்துவிடலாம். மேலே ஊசியால் தட்டிப் பார்த்து இக்குறையை அறிய முடியாது. நாளடைவில் விளிம்பில் இடைவெளி தோன்றி, அதன் வழியே சொத்தை மீண்டும் புகுகின்றது.

இதற்குப் பரிகாரம் எளிது. வழக்கமான கலவையை 2 மில்லிமீற்றருக்கு மேற்படாத படலங்களாக இட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியே இறுகச் செய்தல் வேண்டும். விளக்கின் முனை அருகிலும் நேராகவும் நிற்றல் வேண்டும். அதில் பழைய பிசின் ஒட்டியிருத்தலாகாது. அடிப்படலத்துக்குக் கூடுதல் விநாடிகள் தேவை. ஆயினும் நேரத்தை வரம்பின்றி நீட்டினால் வெப்பம் பல்லின் உட்கூழைத் தாக்கும். கூசும் ஒளிக்கு அஞ்சி வைத்தியர் முகத்தைத் திருப்பினால் கையும் விலகும். செம்மஞ்சட் கண்ணாடி அணிந்தால் கண்ணுக்கும் காப்பு, குறியும் தவறாது. நோயாளியும் வாயை நன்கு திறந்து தலையை அசைக்காதிருத்தல் பேருதவியாம்.

தோட்டத் தொழிலாளி ஒருவர் ஒரு நாட் பேரை இழந்து, பேருந்தேறி, இரத்தினபுரிக்கோ கேகாலைக்கோ சென்று பல்லை அடைத்து வருகின்றார். அவ்வடைப்பு விரைவிற் பெயர்ந்தால் இன்னொரு நாட் பேரும் போகும். மறுமுறை அவர் அடைக்கும்படி கேளாமல், பல்லைப் பிடுங்கிவிடும்படியே கேட்கக் கூடும். விளக்கின் முனை சில மில்லிமீற்றர் நெருங்கி நிற்பதும், சில விநாடி கூடுதலாக ஒளிர்வதும், ஒரு பல் வாயில் நிலைப்பதையே தீர்மானிக்க வல்லன.