உயிரோடு இருக்கும் பாக்டீரியா தன் கணக்கைச் சொல்லும்… தெரியுமா?

ஒரு பாக்டீரியாவுக்குள் எவ்வளவு சக்தி இருக்கிறது என்று அறிய முன்பெல்லாம் என்ன செய்தார்கள் தெரியுமா? கோடிக்கணக்கில் வளர்த்து, மொத்தமாகக் கொன்று, சாறெடுத்து அளந்தார்கள்! கையில் கிடைத்தது வெறும் சராசரி. ஊரார் பணத்தையெல்லாம் கொட்டிக் கூட்டி வகுத்தால், யார் கோடீஸ்வரர், யார் கடனாளி என்று தெரியுமா என்ன?

இப்போது கொல்லவே வேண்டாம்! ஒரு மரபணுத் துண்டை உள்ளே அனுப்பினால் போதும். அளவுகோலை பாக்டீரியாவே தனக்குள் செய்துகொள்கிறது. அது இரண்டாகப் பிரிந்தால் பிள்ளைகளிடமும் அதே அளவுகோல்!

அந்த அளவுகோலின் வெளிச்சம் கடலிலிருந்து வந்தது தெரியுமா? ஜெல்லி மீனின் பச்சை ஒளிர் புரதத்தை 1962-ல் அடையாளம் கண்டவர் ஒசாமு ஷிமோமுரா. 1994-ல் மார்ட்டின் சால்ஃபி அதன் மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்தார். அதுவும் பச்சையாக ஒளிர்ந்தது! ரோஜர் சியென் அந்த ஒளியைப் பல நிறங்களில் விரித்தார். 2008 வேதியியல் நோபல் மூவருக்கும்!

வெளிச்சம் சரி, அளப்பது யார்? அதுவும் பாக்டீரியாவின் சரக்குதான்! உயிரணுக்கள் எந்த வேலைக்கும் செலவழிப்பது ஏடிபி என்ற மூலக்கூறை. அதைப் பற்றிக்கொண்டதும் மடங்கும் சிறு புரதம் ஒன்று பேசில்லஸ் இன பாக்டீரியாக்களில் உண்டு. அதைப் பச்சைப் புரதத்தோடு ஒட்டி, 2014-ல் ஜப்பானியர் ‘குயின்’ என்ற உணரியைச் செய்தார்கள். ஊதாவிலும் நீலத்திலும் மாறி மாறி ஒளி பாய்ச்சி, இரண்டுக்கும் கிடைக்கும் பச்சையின் விகிதத்தைப் பார்த்தால் ஏடிபி அளவு தெரிந்துவிடும்.

விடை என்ன தெரியுமா? ஈ.கோலையில் சராசரி ஏடிபி சுமார் 1.5 மில்லிமோலார். ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு நீளமே உள்ள அந்த உடலுக்குள் ஏறக்குறைய பத்து லட்சம் மூலக்கூறுகள்! அதைவிட வியப்பு: ஒரே மரபணு, ஒரே உணவு, ஒரே கிண்ணம், ஆனாலும் ஒன்றிடம் ஏராளம், பக்கத்திலிருப்பதிடம் பற்றாக்குறை!

பாக்டீரியாவில் மின்சாரம் துடிப்பது தெரியுமா? கடல் பாக்டீரியாவின் புரதம் ஒன்றை மின்னழுத்தத்துக்கு ஏற்ப ஒளிரும்படி மாற்றியமைத்து 2011-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஈ.கோலைக்குள் வைத்தார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் மினுக், மினுக்! சவ்வின் மின்னழுத்தம் ஏறி இறங்குவது கண்ணெதிரே தெரிந்தது.

கோழித் தீவனத்தில் சேரும் லைசின் என்ற அமினோ அமிலம், பாக்டீரியாவின் தயாரிப்பு என்பது தெரியுமா? உள்ளே லைசின் பெருகினால் ஒளிரும்படி அதைத் தயாரிக்கும் கொரினிபாக்டீரியம் என்ற பாக்டீரியாவை மாற்றினார்கள் ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வாளர்கள். லட்சக்கணக்கான பாக்டீரியாக்களில் பளிச்சென்று ஒளிர்பவற்றை மட்டும் இயந்திரம் பிரித்தெடுத்தது. கெட்டிக்கார உழைப்பாளிகள் சிக்கிவிட்டன!

கடைசியாக, நம் நாட்டுச் சாதனை! காசநோய்க் கிருமிக்குள் ஆக்சிஜனேற்றம் எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் உணரியை 2014-ல் வெளியிட்டது விஞ்ஞானி அமித் சிங்கின் குழு. ரத்த வெள்ளணுக்களுக்குள் பதுங்கிய கிருமிகளை அதைக்கொண்டு பார்த்தால், அங்கேயும் ஒவ்வொன்றும் ஒரு நிலையில்! ஆக்சிஜனேற்றத்தைச் சமாளிக்கும் நிலையில் இருந்தவையே மருந்துக்கும் எளிதில் மசியாதவை. அந்த நிலைக்கு அவற்றைத் தள்ளுவது வெள்ளணு அறைகளின் அமிலத்தன்மை. மலேரியா மருந்தான குளோரோகுயின் அந்த அமிலத்தைத் தணிக்கும். 2019-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அமித் சிங்கின் குழு குளோரோகுயினைக் காசநோய் மருந்தோடு சேர்த்து விலங்குகளுக்குக் கொடுத்தது. சராசரிக் கணக்கில் ஒளிந்திருந்த அடங்காத கிருமிகளும் மருந்துக்குப் பணியத் தொடங்கின!