கொக்கியை நான்கு அடி நீட்டினால்

கோடை தொடங்கியதும் அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஒரு விசித்திர ஊர்வலம் கிளம்பும். முன்னால் பெரிய பிக்அப் டிரக். அதன் முதுகில் படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் அடங்கிய கேம்பர் என்ற குட்டி வீடு. அதற்கும் பின்னால் ஒரு டிரெய்லர். அதன்மேல் மீன்பிடிப் படகோ, மோட்டார் சைக்கிளோ, சில சமயம் ஒரு முழு ஜீப்போ. விடுமுறைக்குக் கிளம்பியவருக்கு எதையும் வீட்டில் விட்டுவர மனமில்லை.

ஆனால் இந்த மூன்றையும் ஒன்றோடொன்று கோப்பது அவ்வளவு எளிதல்ல. பிக்அப்பின் சரக்குத் தொட்டி எட்டடி நீளம், பல வண்டிகளில் ஆறரை அடிதான். கேம்பரின் தரையோ பத்து, பதினோரு அடி வரை போகும். மிச்சம் பின்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். டிரெய்லரை மாட்டுகிற ஹிட்ச் பம்பருக்கு அடியில் இருக்கிறது. கேம்பரை ஏற்றியதும் அது கேம்பரின் வயிற்றுக்கு அடியில் போய்விடும். டிரெய்லரின் கழுத்து அங்கே எட்டாது. எப்படியோ எட்டவைத்தாலும், முதல் திருப்பத்திலேயே டிரெய்லரின் முன்பக்க ஜாக் கேம்பரின் பின்சுவரைப் பதம் பார்க்கும். ஆகவே ஹிட்சை நீட்டியாக வேண்டும்.

நீட்டுவதற்கு என்றே குழாய்கள் விற்கிறார்கள். டிரக்கின் சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்கிய ஹிட்சின் நடுவில் ஒரு சதுரத் துளை இருக்கும். அதற்கு ரிசீவர் என்று பெயர். சின்ன கார்களில் ஒன்றேகால் அங்குலம், பெரும்பாலான பிக்அப்களில் இரண்டு அங்குலம், கனரக வகைகளில் இரண்டரை, மூன்று அங்குலம். வழக்கமாக இந்தத் துளைக்குள் ஓர் இரும்புத் தண்டு நுழையும். தண்டின் முனையில் எஃகுப் பந்து. டிரெய்லரின் கழுத்து அந்தப் பந்தின்மேல் கவிழ்ந்து பூட்டிக்கொள்ளும். தண்டு வெளியே வராமல் குறுக்கே ஒரு பின் போட வேண்டும். இரண்டு அங்குல ரிசீவருக்கு அந்தப் பின்னின் பருமன் எட்டில் ஐந்து அங்குலம். பல டன் எடையுள்ள டிரெய்லர் கடைசியில் இந்த விரல்தடிப் பின்னை நம்பித்தான் வருகிறது. நீட்டிப்புக் குழாய் செய்வது இவ்வளவே: ஒரு முனை ரிசீவருக்குள் நுழையும், மறுமுனை இன்னொரு ரிசீவராக நிற்கும். ஒரு பின் இரண்டாகும்.

கடையில் அதைக் கையில் எடுத்துப் பார்ப்பவருக்குக் கால் அங்குலத் தடிப்பும் கனமும் பெரிய நம்பிக்கையைத் தரும். இவ்வளவு தடித்த இரும்பு இழுவையில் அறுந்துபோகாது என்று தோன்றும். உண்மைதான், இழுவையில் அது அறுவது அபூர்வம். ஆனால் நீட்டிப்பின் பிரச்சினை இழுவையில் இல்லவே இல்லை.

டிரெய்லர் பின்னோக்கி இழுப்பதோடு, பந்தின்மேல் கீழ்நோக்கியும் அழுத்துகிறது. அமெரிக்க வழக்கப்படி, டிரெய்லரின் மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு பந்தின்மேல் இறங்க வேண்டும். குறைந்தால் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். இரண்டரை டன் டிரெய்லர் என்றால் பந்தின்மேல் ஏறத்தாழ 300 கிலோ. இந்த 300 கிலோவை எங்கே வைக்கிறோம் என்பதுதான் விஷயம். நிறைகுடத்தை இடுப்பில் வைத்து ஒரு மைல் நடக்கிறவரால், அதே குடத்தைக் கையை நீட்டி ஒரு நிமிடம் பிடித்து நிற்க முடியாது.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். சாதாரணமாகப் பின் துளையிலிருந்து பந்து பத்து அங்குலத் தொலைவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு அடி, அதாவது 48 அங்குலம் நீட்டினால் அது 58 அங்குலம் ஆகிறது. எடை அதே 300 கிலோ. ஆனால் ரிசீவரை முறுக்கிக் கீழே வளைக்கிற விசை கிட்டத்தட்ட ஆறு மடங்காகிவிட்டது. இது வண்டி அசையாமல் நிற்கும்போது. சாலைக் குழியில் சக்கரம் இறங்கி ஏறும் கணத்தில் பந்தின்மேல் விழும் சுமை நின்ற சுமையைப் போல இரு மடங்கைத் தாண்டவும் கூடும். ரிசீவரின் வெல்டிங் விளிம்பில் மயிரிழை விரிசல் விழுவது ஒரே குழியால் அல்ல. ஆயிரக்கணக்கான இப்படிப்பட்ட உதறல்களால். பெயின்டுக்கு அடியில் ஒரு துருக் கோடாக அது முதலில் தலைகாட்டும். அந்தக் கோட்டைப் பார்த்த பிறகு டிரெய்லரை மாட்டக் கூடாது.

இதனால்தான் பல தயாரிப்பாளர்கள் தங்கள் நீட்டிப்புக் குழாயைப் போட்டால் ஹிட்சின் திறன் பாதியாகிவிடும் என்று பெட்டியிலேயே அச்சிடுகிறார்கள். 5,000 பவுண்டு என்று முத்திரை குத்திய ஹிட்ச் 2,500 பவுண்டு ஆகிவிடும். பந்தின்மேல் தாங்கும் சுமைக்கும் இதே பாதிக் கணக்குத்தான். அதுவும் ஒன்றரை அடிக்குள் அடங்குகிற குட்டிக் குழாய்களுக்குச் சொன்னது. ஒரு நீட்டிப்புக்குள் இன்னொரு நீட்டிப்பைச் செருகுவதை எந்தத் தயாரிப்பாளரும் ஏற்பதில்லை. அப்படிச் செய்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் வண்டி ஓட்டாமல் இருப்பது நல்லது. சைக்கிள் தாங்கி மாட்டத்தானே என்று எண்ணுபவருக்கும் ஒரு வார்த்தை: தாங்கி தயாரிப்பவர்களில் பலர் நீட்டிப்போடு சேர்த்துப் பயன்படுத்தவே கூடாது என்கிறார்கள். சைக்கிள்களின் எடை குறைவுதான். ஆனால் அவை உயரத்தில் நின்று ஆடுகின்றன.

இரும்பைப் பற்றிய கவலை இத்தோடு போகட்டும். எனக்கு இதைவிடப் பெரிய கவலை டிரக்கின் முன்சக்கரங்கள்.

பின் அச்சை ஒரு சீசாவின் நடுக்கட்டையாக நினைத்துக்கொண்டு கணக்குப் போடலாம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 13 அடி. பின் அச்சிலிருந்து பந்து 5 அடி பின்னால். பந்தில் 300 கிலோ அழுத்தும்போது முன் அச்சிலிருந்து 300×5÷13, அதாவது ஏறத்தாழ 115 கிலோ குறையும். அந்த 115 கிலோவும் சேர்ந்து பின் அச்சில் 415 கிலோ கூடும். இப்போது நான்கு அடி நீட்டுகிறோம். முன் அச்சு இழப்பது 208 கிலோ. பின் அச்சில் ஏறுவது 508 கிலோ. டிரெய்லரில் ஒரு கிலோகூட ஏற்றவில்லை. இருந்தும் கேம்பரின் பாரத்தால் ஏற்கெனவே எல்லையைத் தொட்டுக்கொண்டிருந்த பின் டயர்களுக்கு மேலும் 93 கிலோ வந்து சேர்ந்துவிட்டது. ஸ்டியரிங்கைத் திருப்புகிற, பிரேக் பிடிக்கும்போது பெரும்பங்கு வேலையைச் செய்கிற முன்சக்கரங்கள் அதே அளவுக்கு லேசாகிவிட்டன. மழை பெய்த சாலையில் அது கையிலேயே தெரியும்: ஸ்டியரிங் மிருதுவாகிவிட்டது போல இருக்கும். அதைச் சொகுசு என்று எண்ணிவிடக் கூடாது.

பக்கவாட்டிலும் இதே நெம்புகோல் வேலை செய்கிறது. பெரிய லாரி ஒன்று பக்கத்தில் கடந்து போகும்போது அதன் காற்று டிரெய்லரைத் தள்ளும். டிரெய்லர் பந்தைத் தள்ளும். பந்து பின் அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அந்த அளவுக்கு டிரக்கின் வாலை அது திருப்பும். வால் இடப்பக்கம் போனால் மூக்கு வலப்பக்கம் திரும்பும், ஓட்டுநர் பதறி எதிர்ப்பக்கம் திருப்புவார், ஆட்டம் வளரும். இணைப்பைப் பின் அச்சுக்கு நேர்மேலே, சரக்குத் தொட்டிக்குள் கொண்டுபோய் வைக்கிற ஐந்தாம் சக்கர வகை டிரெய்லர்கள் அவ்வளவாக ஆடாததற்குக் காரணம் இதுவே. நீட்டிப்பு நம்மை நேர் எதிர்த்திசையில் கொண்டுபோகிறது. ஆட்டம் தொடங்கிவிட்டால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, டிரெய்லரின் பிரேக்கை மட்டும் கையால் இயக்க வேண்டும். டிரக்கின் பிரேக்கை ஓங்கி மிதிப்பது மோசமான யோசனை.

நேர்மையாக ஒரு நன்மையையும் சொல்லிவிட வேண்டும். பந்து பின்னால் போகப் போக, திருப்பங்களில் டிரெய்லர் உள்பக்கமாகக் குறுக்கே வெட்டுவது குறையும். டிரக்கின் தடத்தை ஒட்டியே வரும். நடைபாதை ஓரத்தில் டிரெய்லர் சக்கரம் ஏறி இறங்கும் தொல்லை குறைவு. ஆனால் நீண்ட வால் எதிர்ப்பக்கம் வீசும். பெட்ரோல் பங்க்கின் இரும்புத் தூண்களுக்கு அது நல்லதல்ல.

அப்படியென்றால் கேம்பர்காரர்கள் என்னதான் செய்கிறார்கள்? அவர்களுக்காகவே வந்த வேறொரு அமைப்பு இருக்கிறது. டிரக்கின் சட்டத்தில் ஒன்றின்கீழ் ஒன்றாக இரண்டு ரிசீவர்கள். அவற்றுக்குள் நுழைகிற நீட்டிப்பும் மேலும் கீழுமாக இரண்டு குழாய்கள், நடுவில் சாய்வுத் தாங்கல்கள். பாலம் கட்டுகிறவர்களுக்கு நன்கு பழகிய விஷயம்தான் இது. பின்முனையில் எடை தொங்கும்போது மேல் குழாய் இழுபடும், கீழ்க் குழாய் அழுத்தப்படும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி கூடக் கூட, ஒவ்வொன்றும் தாங்க வேண்டிய விசை குறையும். இரண்டு அங்குல ஆழமுள்ள ஒற்றைக் குழாய்க்குப் பதில் எட்டு அங்குல இடைவெளி கிடைத்தால், விசை ஏறத்தாழ நாலில் ஒன்றாகிவிடும். சிலவற்றில் பக்கவாட்டு ஆட்டத்தை அடக்க, நீட்டிப்பின் நுனியிலிருந்து பம்பரின் இரு ஓரங்களுக்கும் இழுவைச் சங்கிலிகள் போகும். விலை பல மடங்கு, எடையும் அப்படியே. ஆனால் நான்கடி நீட்டியாக வேண்டும் என்றால் வேறு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. தெருமுனைப் பட்டறையில் குழாயை வெட்டி ஒட்டவைப்பது வழியே அல்ல. பற்றவைப்பு அழகாக இருக்கலாம். அது எவ்வளவு தாங்கும் என்று எழுதிக் கையெழுத்திட அங்கே யாரும் இல்லை.

அந்த இரட்டைக் குழாய் அமைப்பும் முன் அச்சின் கணக்கை மாற்றிவிடாது. ஹிட்ச் உடையாது, அவ்வளவே. முன்சக்கரத்துக்கு எடையைத் திருப்பித் தர, வில்தண்டுகளை வைத்துச் சுமையைப் பகிரும் தனி ஏற்பாடு வேண்டும். சாதாரண ஒற்றைக் குழாய் நீட்டிப்போடு அதைப் பூட்டத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் தடை போட்டிருக்கிறார்கள். இரட்டைக் குழாய் வகைகளில் சில அனுமதிக்கின்றன.

இரும்பு நீண்டால் மற்றவையும் நீள வேண்டும். பாதுகாப்புச் சங்கிலி இரண்டும் டிரெய்லர் கழுத்துக்கு அடியில் பெருக்கல் குறியாகக் குறுக்கே போக வேண்டும். கழுத்து கழன்று விழுந்தால் தரையில் குத்தாமல் சங்கிலித் தொட்டில் அதை ஏந்திக்கொள்ளும். நீட்டிப்பின் நுனியில் உள்ள வளையத்தில் மட்டும் சங்கிலியை மாட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. முன்னால் இருக்கும் பின் கழன்றால் குழாய், சங்கிலி, டிரெய்லர் மூன்றும் சேர்ந்து போய்விடும். நுனி வளையத்திலிருந்து டிரக்கின் சட்டம் வரை அதே வலுவுள்ள இன்னொரு சங்கிலி தொடர வேண்டும். டிரெய்லர் பிரிந்தால் தானாக அதன் பிரேக்கைப் பிடிக்கும் சுவிட்சின் கம்பியும் அப்படியே: அது டிரக்கில் கட்டப்பட வேண்டும், நீட்டிப்பில் அல்ல. விளக்குக்கும் பிரேக்குக்கும் போகும் ஏழு முனை ஒயரை நீட்டும்போது மெலிந்த ஒயரைப் போட்டால் மின்னழுத்தம் குறைந்து பிரேக் மந்தமாகும்.

சட்டத்துக்கு வருவோம். அமெரிக்காவில் ஹிட்ச்களுக்கு எஸ்.ஏ.இ. ஜே684 என்ற தொழில்நுட்பத் தரம் உண்டு. சாலை விதிகளோ மாநிலத்துக்கு மாநிலம் வேறு. டெக்சாஸில் இரு வண்டிகளுக்கு இடையே உள்ள இணைப்பு 15 அடியைத் தாண்டக் கூடாது. இழுக்கும் மொத்த எடைக்கும் ஈடுகொடுக்கும் வலு இருக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. கலிபோர்னியாவில் இரு வண்டிகளும் சேர்ந்து 65 அடிக்குள் அடங்க வேண்டும். நீட்டிப்பின் நான்கடியும் அதில் சேரும். டிரெய்லர் இழுக்கும்போது அங்கே வேக வரம்பு மணிக்கு 55 மைல். டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயமாகும் எடையும் இடத்துக்கு இடம் மாறும்: கலிபோர்னியாவில் தங்கும் வசதியுள்ள டிரெய்லர்களுக்கு 1,500 பவுண்டு, பல மாநிலங்களில் 3,000, டெக்சாஸில் 4,500.

ஐரோப்பாவில் கதையே வேறு. அங்கே ஹிட்சும் அதன் பந்தும் ஐ.நா.வின் 55ஆம் எண் ஒழுங்குமுறைப்படி சோதித்து ஒப்புதல் பெற்றவை. அதிலுள்ள தகட்டில் பந்து எத்தனை கிலோ தாங்கும் என்பது எஸ் என்ற எழுத்துக்கு எதிரே இருக்கும். சாதாரணக் கார்களில் 75, 100 கிலோ என்ற அளவில். பிரிட்டனில் 1998 ஆகஸ்ட் 1 முதல் பதிவான வகை ஒப்புதல் பெற்ற கார்களுக்கு ஒப்புதல் பெற்ற டவ்பார், அதாவது ஹிட்ச், கட்டாயம். அதன் நுனியில் ஓர் அடிக் குழாயைச் செருகினால் அந்த ஒப்புதலுக்குப் பொருளில்லாமல் போகும். விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பது அந்தத் தகட்டைத்தான்.

எல்லாம் மாட்டியாயிற்று என்றால், கிளம்பும் முன் எடை போட்டுவிடுவது உத்தமம். நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் என்ற எடைமேடைகள் உண்டு. முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு மூன்றையும் தனித்தனியாகக் காட்டும். டிரெய்லர் இல்லாமல் ஒருமுறை, மாட்டிக்கொண்டு ஒருமுறை. இரண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்தால் முன் அச்சு எவ்வளவு இழந்தது என்பது தெரிந்துவிடும். பின் அச்சின் எண்ணை ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டியுள்ள வரம்போடு ஒப்பிட வேண்டும். ஹிட்ச், நீட்டிப்பு, பந்து, டயர், அச்சு என ஒவ்வொன்றுக்கும் ஒரு வரம்பு உண்டு. அவற்றில் எது மிகச் சிறியதோ, அதுவே உங்கள் வரம்பு. சில மைல் ஓடியபின் ஓரம் கட்டி, இரண்டு பின்களும் அவற்றின் கிளிப்புகளும் இருந்த இடத்தில் இருக்கின்றனவா என்று குனிந்து பார்க்கவும்.

ஊர் போய்ச் சேர்ந்து டிரெய்லரைக் கழற்றியதும் நீட்டிப்பையும் கழற்றிவிடுங்கள். வண்டியின் எண் பலகையை அது மறைத்தால் பல மாநிலங்களில் அபராதம் உண்டு. இருட்டில் வண்டியின் பின்பக்கமாகச் சுற்றி வருகிறவரின் முழங்காலுக்கு நேர் உயரத்தில் அது நிற்கிறது என்பது வேறு விஷயம்.