பழைய டிவி விட்டுச்சென்ற இடைவெளி

விழுப்புரம் மாவட்டத்து வீடுகளுக்கு ஐந்தாறு ஆண்டுகளுக்குள் அரசாங்கத்திடமிருந்து இரண்டு திரைகள் வந்து சேர்ந்தன. 2006-இல் தொடங்கிய திட்டத்தில் 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி. 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய திட்டத்தில் மாணவர்களுக்கு லேப்டாப். விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசுக் கலைக் கல்லூரி, திண்டிவனம் ஆ. கோவிந்தசாமி அரசுக் கலைக் கல்லூரி போன்ற இடங்களில் படித்த பிள்ளைகள் பலருக்கு, வீட்டுக்குள் நுழைந்த முதல் கம்ப்யூட்டரே அதுதான். இரண்டையும் கொள்முதல் செய்ததும் ஒரே நிறுவனம், தமிழ்நாடு அரசின் எல்காட். லேப்டாப்பில் இருக்கும் படத்தை டிவியில் போட்டு வீட்டோடு பார்க்கலாமே என்ற ஆசை உடனே வந்துவிடும். ஆனால் ஒரு ஒயரை வாங்கி இணைத்தால் மட்டும் அது நடக்காது. ஏன் நடக்காது என்பதில்தான் சுவையான அறிவியல் இருக்கிறது.

அந்தக் குண்டு டிவிக்குள் எலெக்ட்ரான் கற்றை திரையின் பின்பக்கத்தை வரிவரியாகத் தடவிக்கொண்டே இருக்கும். ஒரு படத்துக்கு 625 வரிகள், வினாடிக்கு 25 படங்கள். ஆக, வினாடிக்கு 15,625 முறை அந்தக் கற்றை இடமிருந்து வலம் போய்த் திரும்ப வேண்டும். சத்தத்தை அடியோடு குறைத்து வைத்தாலும் அந்த டிவியிலிருந்து மெல்லிய ‘கீ’ ஒலி ஒன்று வருமே, அது இந்த 15,625 துடிப்புகளின் குரல். குழந்தைகளுக்குக் கேட்கும், தாத்தா பாட்டிக்குக் கேட்காது. வயது ஏற ஏற உச்ச சுருதிகள் காதுக்கு எட்டாமல் போய்விடும்.

லேப்டாப்பின் கணக்கு வேறு. 1987-இல் ஐபிஎம் கொண்டுவந்த, 15 ஊசிகள் கொண்ட நீல நிற விஜிஏ இணைப்பில் வரிகளின் வேகம் குறைந்தபட்சமே வினாடிக்கு 31,500-ஐ ஒட்டி வரும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனிக் கம்பிகளில் போகும். டிவியிலோ நிறம், வெளிச்சம், வரி தொடங்கும் குறி எல்லாம் சேர்ந்து ஒற்றை மஞ்சள் வீடியோ துளை வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். இரண்டு மடங்கு வேகத்தில் வரும் வரிகளுக்கு அந்தக் கற்றையால் ஈடுகொடுக்க முடியாது. ஒயரை எப்படியோ ஒட்டவைத்தாலும் படம் தெரியாது, கோடுகள்தான் ஓடும்.

அதனால்தான் நடுவில் ஒரு கன்வெர்ட்டர் பெட்டி தேவைப்பட்டது. விரைந்து வரும் படத்தை அது தன் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, டிவியின் நிதானத்துக்கு ஏற்ப வரிவரியாக வெளியே விடும். முகங்கள் நன்றாகவே தெரியும். எழுத்துகள் மட்டும் கலங்கிப்போகும், மஞ்சள் கம்பி வழியே நுண்ணிய விவரம் அவ்வளவாகக் கடந்து வருவதில்லை. சினிமா பார்க்க அது போதும், பாடம் படிக்கப் போதாது.

இன்று தட்டை டிவியின் பின்புறம் ஹெச்டிஎம்ஐ துளை இருக்கிறது. 2002 இறுதியில் வெளியான தரம் இது, மொத்தம் 19 ஊசிகள். கேபிளைச் செருகிய நொடியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். லேப்டாப் 18-ஆம் ஊசியில் 5 வோல்ட் அனுப்புகிறது. டிவி 19-ஆம் ஊசியில் ‘நான் இருக்கிறேன்’ என்று பதில் தருகிறது. உடனே லேப்டாப், டிவிக்குள் இருக்கும் ஒரு சின்னஞ்சிறு சில்லைப் படிக்கிறது. பொதுவாக 256 பைட்தான், இந்தக் கட்டுரையின் ஒரு பத்திக்குக்கூடப் போதாத அளவு. அதற்குள் டிவியைச் செய்த நிறுவனத்தின் குறி, செய்த ஆண்டு, திரையின் அகலம் உயரம் சென்டிமீட்டரில், எந்தெந்த அளவுப் படங்களை ஏற்கும் என்ற பட்டியல் எல்லாம் அடங்கிவிடுகின்றன. அதைப் படித்துப் பார்த்த பிறகே லேப்டாப் படத்தை அனுப்பத் தொடங்குகிறது. நாம் ஒரு பொத்தானும் அழுத்தியிருக்க மாட்டோம்.

படம் என்றால் எவ்வளவு? முழு ஹெச்டியில் ஒரு வரிக்கு 1920 புள்ளிகள், மொத்தம் 1080 வரிகள். ஆனால் கேபிளில் ஓடுவது வரிக்கு 2200 புள்ளிகளுக்கான நேரம், 1125 வரிகள். வினாடிக்கு 60 முறை என்று பெருக்கி, ஒவ்வொரு புள்ளிக்கும் கேபிளில் செல்லும் பிட்களாலும் பெருக்கினால், வினாடிக்கு ஓடுவது சுமார் 445 கோடி பிட்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த மிச்சப் புள்ளிகள் எதற்கு?

குண்டு டிவியின் கற்றை ஒரு வரியை முடித்துவிட்டு இடப்பக்கம் திரும்ப நேரம் வேண்டுமல்லவா? அந்த நேரத்தில் படம் எதுவும் வராமல் சமிக்ஞையில் ஒரு வெற்றிடம் விட்டிருந்தார்கள். கற்றையே இல்லாத தட்டைத் திரைக்கு அது தேவையில்லை. ஆனாலும் ஹெச்டிஎம்ஐ அந்த இடைவெளியைக் கைவிடவில்லை. அதற்குள் ஒலியைப் பொட்டலம் பொட்டலமாக ஏற்றி அனுப்புகிறது. இன்று ஒரே கேபிளில் படமும் பாட்டும் சேர்ந்து வருவது இப்படித்தான். ஒலிக்கென்று இதில் தனிக் கம்பி கிடையாது. பொறியியலில் இதைவிட அழகான சிக்கனத்தை நான் பார்த்ததில்லை.

குண்டு டிவியின் இன்னொரு மிச்சமும் உண்டு. அதன் ஓரங்களில் படம் கோணலாகத் தெரியும் என்பதால், படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரங்களைச் சட்டத்துக்குப் பின்னால் மறைத்துவிடுவார்கள். தட்டை டிவிகள் பலவும் இன்னும் அதே பழக்கத்தில் ஓரத்தை வெட்டுகின்றன. லேப்டாப்பை இணைத்ததும் கீழே இருக்கும் டாஸ்க்பார் பாதி காணாமல் போனால் காரணம் இதுதான். டிவியின் பட அளவு அமைப்பில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’ அல்லது ‘ஸ்கிரீன் ஃபிட்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் முழுப் படமும் வந்துவிடும்.

சினிமா பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது மற்றொன்று. சினிமா வினாடிக்கு 24 சட்டங்களில் எடுக்கப்படுகிறது, லேப்டாப்போ 60 முறை படம் அனுப்புகிறது. 60-ஐ 24 சரியாக வகுக்காது. அதனால் ஒரு சட்டம் மூன்று முறையும் அடுத்தது இரண்டு முறையுமாக மாறி மாறிக் காட்டப்படும். கேமரா மெதுவாக வயல்வெளியைக் கடந்து போகும் காட்சிகளில் மெல்லிய திணறலாக இது தெரியும். டிவி ஏற்றுக்கொள்ளுமானால், லேப்டாப்பின் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ரெஃப்ரெஷ் ரேட்டை 24 ஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பாருங்கள், காட்சி சீராக நகரும். படம் முடிந்ததும் மறக்காமல் 60-க்குத் திருப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் மவுஸின் அம்புக்குறி இழுத்து இழுத்து நகரும்.