ஏரிகளில் ஜிலேபிக் கெண்டை

நமது ஏரிகளில் மலிந்துள்ள ஜிலேபிக் கெண்டை இந்நாட்டு மீனன்று, ஆப்பிரிக்காவினது. உணவு விருத்தியை உத்தேசித்து 1952-ஆம் வருஷத்தில் இந்தியாவிற்குக் கொணரப்பட்டது. பெண் மீன் முட்டைகளைத் தன் வாயிலேயே அடைகாப்பதால் குஞ்சுகள் பெரும்பாலும் பிழைக்கின்றன. சில மாதங்களிலேயே அவையும் இனம் பெருக்கத் தொடங்கும். கூட்டம் மிகவே, மீன்கள் சிறுத்து நல்ல விலைக்குப் போகா. சுதேச மீன்களின் இரையும் இடமும் பறிபோகும்.

ஆயினும் நம் ஏரியில் சேதம் எவ்வளவு என்பதைக் கணக்கே கூறும். அங்கத்தினர்கள் வருஷந்தோறும் ஒரே மாதிரி வலையால் பிடித்து, ஜாதிவாரியாகப் பிரித்து, எண்ணிக்கையையும் எடையையும் சங்கப் புஸ்தகத்தில் பதிவு செய்க. சில வருஷக் கணக்கை ஒப்பிட்டால் கெண்டை, கெளுத்தி, விரால் இவற்றுள் எது குறைகிறதென விளங்கும். குஞ்சு விடுமுன் ஜிலேபி கலவாதபடி சோதித்தலும் அவசியம். ஒருமுறை புகுந்ததை அடியோடு களைதல் அரிது.